சலவைப் பிரிவிலிருந்து ஒரு தொடர்பாளர்

நம்பரக்கா என்று அவளைக் கூப்பிடுவது சலவைக் கூடத்தில்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்து குவியும் விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். மூட்டை வண்டியிலிருந்து இறங்கும்போது அந்த எண்ணைப் பதிவேட்டில் ஏற்றுவதும், வெளுத்துத் தேய்த்து மடித்துத் திரும்பிப் போகும்போது அதே எண்ணைச் சரிபார்ப்பதும் அவள் வேலை. ஒன்பது வருடத்தில் அவள் கண்டுபிடித்த உண்மை ஒன்றுதான். எந்தத் துணியும் இயந்திரத்துக்குள் தொலைவதில்லை. துவைக்கும் அறைக்கும் உலர்த்தும் அறைக்கும் நடுவே இருக்கிற பத்தடி நடைபாதையில்தான் தொலைகிறது. இவர்கள் கொடுத்துவிட்டோம் என்பார்கள். அவர்கள் வரவே இல்லை என்பார்கள்.

அந்த நடைபாதையில் ஒரு மேஜையைப் போட்டு, கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து என்று இரண்டு பத்தியாகக் கோடு கிழித்த நோட்டு ஒன்றை வைத்தவள் அவள்தான். அதன்பின் துணி தொலைவது நின்றது. மேற்பார்வையாளர் மட்டும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அதுவரை தொலைந்த விரிப்புக்கெல்லாம் எலியைக் காரணம் காட்டி எழுதி வந்தவர் அவர்.

வீட்டில் அவள் பட்டாணியின் அம்மா. பட்டாணிக்கு மூன்று வயது நான்கு மாதம். உருண்டை முகம், உருண்டைக் கண், எங்கே விட்டாலும் உருண்டு ஓடிவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் ‘போ’. சாப்பாடு வேண்டாம் என்றால் போ. வேண்டும் என்றால் அதற்கும் போ. ஆனால் சற்று இழுத்து. தூக்கம் வந்தால் போ, அப்பா வேலைக்குக் கிளம்பினால் போ, திரும்பி வந்தால் இன்னும் பலமாகப் போ. காதில் கோளாறு இல்லை. அடுத்த அறையில் பிஸ்கட் பொட்டலம் பிரிகிற சத்தத்துக்கு ஓடி வருகிற பிள்ளைக்குக் காதில் என்ன கோளாறு இருந்துவிட முடியும்?

கணவன் பஸ் ஓட்டுகிறவன். அவனுடைய அக்கா வரும்போதெல்லாம் கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுப் போவாள். இவனும் நாலு வயசு வரைக்கும் வாயே திறக்கவில்லை, இப்போது பார், இவன் வாய் இருக்கும்போது பஸ்ஸுக்குத் தனியாக ஹார்ன் எதற்கு என்பாள். நம்பரக்காவுக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகு அவள் நோட்டை எடுத்து, இந்த மாதம் புதிதாக வந்த சொற்கள் என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே எழுத ஒன்றும் இல்லாமல் மூடி வைப்பாள்.

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ்தான் முதலில் கவனித்தாள். முன்கூட்டிய ஆதரவுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, இருபது அமர்வு பேச்சுப் பயிற்சி கொடுப்பார்கள், இந்த வயதில் தொடங்கினால் பிள்ளைகள் மளமளவென்று பிடித்துக்கொள்வார்கள் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. நான்காவது பிறந்தநாளுக்குள் முதல் அமர்வு நடந்துவிட வேண்டும். நடந்துவிட்டால் மீதிப் பத்தொன்பதும் தானாக வரும். ஒரு நாள் தவறினாலும் பிள்ளை பள்ளி வயதுப் பட்டியலுக்குப் போய்விடும். அங்கே வரிசை ஒன்றரை வருடம்.

“எட்டு மாசம் இருக்கும்மா. ஏகப்பட்ட நேரம்” என்றாள் நர்ஸ்.

நர்ஸ் டாக்டருக்கு எழுதினாள். டாக்டர் பிள்ளையைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நல்லது, மழலையர் பள்ளியில் எப்படி இருக்கிறாள் என்று டீச்சர் ஓர் அறிக்கை தரட்டும் என்றார். டீச்சர், பேச்சு சம்பந்தமான விஷயத்தில் நான் வாய் திறக்கலாமா, பேச்சுப் பயிற்சியாளர் முதலில் ஒரு கருத்துச் சொல்லட்டும் என்றாள். பயிற்சியாளர், ஒருங்கிணைப்பு அலுவலகம் ஒப்புதல் தராமல் பிள்ளையைச் சோதித்துப் பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை என்றாள். ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் இருந்த ஒருங்கிணைப்பாளர் மேடம், டாக்டரின் முடிவு வராமல் நாங்கள் எதை ஒருங்கிணைப்பது என்று கேட்டார். ஐந்து பேரும் நல்லவர்கள். ஐந்து பேரும் சிரித்த முகத்தோடுதான் பேசினார்கள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போகிற இடத்திலெல்லாம் முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார்கள். எத்தனை மாதத்தில் குப்புற விழுந்தாள், எப்போது நடந்தாள், எப்போது பல் முளைத்தது. நோட்டுக் கணக்குப்படி அவள் இந்தக் கதையைப் பதினோரு முறை சொல்லியிருந்தாள். ஆறாவது முறைக்குப் பிறகு சுத்தமாக ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனாள். அவர்கள் அதை வாங்கிக் கோப்பில் பத்திரமாகச் செருகிவிட்டு, சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள்.

எல்லோரும் அவளை ‘அம்மா’ என்றே கூப்பிட்டார்கள். வாங்கம்மா, உட்காருங்கம்மா, இன்னொரு நாள் வாங்கம்மா. மரியாதைதான். பெயரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இந்தக் கதையில் பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த மரியாதைதான் காரணம்.

ஐந்து மாதம் இப்படி ஓடியது. ஆறாவது மாதம் ஒருங்கிணைப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்துக்கு அலைச்சல் தரக்கூடாது என்பது திட்டத்தின் உயிர்நாடி. ஆகவே அனைத்துப் பிரிவினரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், குழந்தையை அதன் இயல்பான சூழலில் சந்திப்பார்கள். அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். பக்கத்து வீட்டில் மூன்று நாற்காலி கடன் கேட்டு வாங்கினாள்.

ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பிரிவு, நான்கு உதவியாளர். டாக்டர் வரவில்லை, அவருக்குப் பதில் ஒரு பயிற்சி டாக்டர் வந்திருந்தார். வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு. கூடத்தில் எட்டுப் பேருக்குத்தான் இடம் இருந்தது. ஒருவர் சமையலறை நிலைப்படியில் நின்றபடியே குறிப்பெடுத்தார். பட்டாணி முதல் இரண்டு பேரைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்தாவது ஆள் வந்ததும் முகம் மாறியது. எட்டாவது ஆள் உள்ளே நுழைந்தபோது கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டாள்.

ஒன்பது பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் குனிந்து பொம்மையைக் காட்டினார். இன்னொருவர் மண்டியிட்டு, அழகான பிள்ளையல்லவா, வெளியே வா என்றார். நம்பரக்கா, கொஞ்சம் கூட்டம் குறைந்தால் அவளே வந்துவிடுவாள் என்று சொல்லப் பார்த்தாள். அதற்குள் நாற்காலி போதவில்லை என்று யாரோ சொன்னதால் நாலாவது நாற்காலி தேட எதிர்வீட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கட்டிலுக்கு அடியிலிருந்து தெளிவாக ஒரு குரல் வந்தது.

“போ.”

நிலைப்படியில் நின்றவர் எழுதினார்: வாய்மொழிப் பதில் உண்டு, சூழலுக்குப் பொருத்தமானது.

போகும்போது எல்லோரும் மனநிறைவோடு போனார்கள். ஒரே கூரையின் கீழ் ஐந்து பிரிவும் சேர்ந்தது இதுதான் முதல் முறை என்று ஒருங்கிணைப்பாளர் மேடம் சொன்னார். வாசலில் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். பட்டாணி அதில் இல்லை.

சந்திப்பு முடிந்ததும் திட்டப் படிவம் ஒன்றை ஐந்து பேரும் தனித்தனியே நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் முதல் கட்டம் ‘முதன்மைத் தொடர்பாளர்’. இந்தக் குடும்பத்துக்காக மற்ற எல்லோரையும் விரட்டி வேலை வாங்கப்போகிற ஒரே ஆள் யார் என்று அங்கே எழுத வேண்டும். டாக்டர் அதில் நர்ஸின் பெயரை எழுதினார். நர்ஸ் டீச்சரின் பெயரை எழுதினாள். எழுதிய கையோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனாள். டீச்சர் பயிற்சியாளர் பெயரையும், பயிற்சியாளர் ஒருங்கிணைப்பாளர் பெயரையும் எழுதினார்கள். மேடம், கூட்டத்தில் முடிவாகும் என்று எழுதினார்.

ஐந்து தாளும் அலுவலகக் கணினியில் தட்டச்சு செய்கிற பெண்ணிடம் போயின. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கணினி கோப்பை வாங்கிக்கொள்ளாது. ஐந்து வெவ்வேறு பெயரையும் வாங்காது. மாலை ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும், பஸ் போய்விடும். அவள் ஐந்து தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஐந்திலும் பொதுவாக ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்: கடைசிப் பக்கத்தில், தடுப்பூசி அட்டையிலிருந்து அப்படியே அச்சாகியிருந்த ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், ஒரு மின்னஞ்சல். அது யார் என்று சொல்லும் மூன்றாம் இணைப்பு ஏதோ ஒரு மேஜையில் தங்கிவிட்டிருந்தது. எல்லோருக்கும் பொதுவானவர் யாரோ அவர்தானே தொடர்பாளர்? தட்டினாள். கணினி மறு பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அவளும் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

பிறந்தநாளுக்கு ஏழு வாரம் இருக்கும்போது நம்பரக்காவின் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மதிப்பிற்குரிய சக அலுவலருக்கு, என்று தொடங்கியது. இக்கோப்பின் முதன்மைத் தொடர்பாளராகப் பொறுப்பேற்றமைக்கு நன்றி. கூட்டம் கூட்டுவது, பிரிவுகளிடம் விளக்கம் கேட்பது, காலக்கெடு விதிப்பது ஆகியவை தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டவை.

மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை நாலு தடவை படித்தாள். யாரோ யாருடைய நாற்காலியிலோ அவளைத் தவறிப்போய் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுந்துகொள்ளாமல் இருந்தால் அது திருட்டு மாதிரி அல்லவா? அன்று மாலையே பதில் எழுதினாள். நான் குழந்தையின் தாய். என் பெயர் தவறுதலாகப் பதிவாகியிருக்கிறது என்று நினைக்கிறேன். தயவுசெய்து சரிபார்க்கவும். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று கணவனிடம் காட்டி, அவன் இல்லை என்று சொன்ன பிறகு மறுபடியும் தானே பார்த்து அனுப்பினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தாய் என்ற சொல்லைக் கண்டதும் கணினி அந்தக் கடிதத்தைப் பெற்றோர் பகுதிக்குத் தள்ளிவிட்டு, தானாகவே பதில் போட்டது. தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம். பெற்றோர் கடிதங்களுக்கு முப்பது வேலை நாட்களுக்குள் பதில் அளிக்கப்படும்.

“முப்பது வேலை நாள்னா ஆறு வாரம்” என்றாள் அவள்.

“அதுவரைக்கும் நீ ஆபீசர்” என்றான் கணவன். “நான் ஆபீசர் புருஷன். நாளைக்கு டெப்போவுல காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுப் போறேன்.”

“விளையாடாதீங்க. தப்பில்லையா இது?”

“நீ சொல்லிட்டே. அவங்க படிக்கல. இதுல உன் தப்பு எங்க இருக்கு? ஏழு வாரத்துல ஆறு வாரம் சும்மா உட்காந்திருக்கப் போறியா?”

அவள் இரண்டு நாள் யோசித்தாள். இரண்டு நாளும் சலவைக் கூடத்தில் எண்களைத் தப்பாகப் படித்தாள். மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்து பார்த்தாள். டாக்டருக்கு இரண்டே வரி எழுதினாள்: இந்தக் கோப்பில் தங்கள் தரப்பில் எது நிலுவையில் இருக்கிறது என்று தெரிவிக்கவும். கீழே தன் பெயரை மட்டும் போட்டாள். பதவி போடவில்லை, பொய் சொல்லக் கூடாது.

அம்மாவாக அவள் அனுப்பிய நாலு கடிதத்துக்கு அந்த மனிதர் இதுவரை ஒரு வார்த்தை எழுதியதில்லை. தொடர்பாளராக அனுப்பியதற்கு நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது. தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறேன் என்று தொடங்கி, இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார். டீச்சர் அன்று மாலையே எழுதினாள். பயிற்சியாளர் போனிலேயே அழைத்து, நல்ல வேளை, ஒருவராவது கேட்டீர்களே என்றாள். நம்பரக்கா ஒவ்வொன்றையும் நோட்டில் ஏற்றினாள். இடது பக்கம் யார், வலது பக்கம் அவர் யாருக்காகக் காத்திருக்கிறார். ஏற்றி முடித்ததும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தடி நடைபாதை. அங்கே இருந்ததும் இதுதான். எலி ஒன்றுதான் பாக்கி.

ஐந்து வாரம் இருக்கும்போது கூட்டத்தைக் கூட்டினாள். போன் வழிக் கூட்டம். சாப்பாட்டு இடைவேளையில் சலவைக் கூடத்தின் சாமான் அறைக்குள் போய், சோப்புத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்து, கதவுக்கு வெளியே தோழி ஒருத்தியைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டாள்.

அவரவர் பிரிவைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளலாம் என்றார் ஒருங்கிணைப்பாளர் மேடம். மருத்துவம் என்றார் டாக்டர். செவிலியர் பிரிவு, நான் புதிது என்றாள் மாற்றலாகி வந்த நர்ஸ். மழலையர் பள்ளி. பேச்சுப் பயிற்சி. எல்லோரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். நம்பரக்கா சோப்புத்தூள் மூட்டையைப் பார்த்தாள்.

“சலவைங்க” என்றாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“நல்ல விஷயம். சுத்தம் சுகாதாரத்தை நாம எப்பவும் கடைசியிலதான் சேர்ப்போம். இந்தத் தடவை ஆரம்பத்திலேயே சேர்த்திருக்கீங்க.”

ஆமாம், ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தோம் என்றார் மேடம்.

நம்பரக்கா நோட்டைப் பிரித்தாள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். டாக்டர், டீச்சர் தரவேண்டிய அறிக்கைக்காகக் காத்திருக்கிறார். டீச்சர், பயிற்சியாளர் சொல்லவேண்டிய கருத்துக்காகக் காத்திருக்கிறார். பயிற்சியாளர், மேடம் தரவேண்டிய ஒப்புதலுக்காக. மேடம், டாக்டர் எடுக்கவேண்டிய முடிவுக்காக. முதலில் எழுதிய நர்ஸ் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, அவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்.

படித்து முடித்ததும் டீச்சர்தான் முதலில் பேசினாள். அவள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. “அப்ப என்கிட்ட கேட்டது, பிள்ளை கிளாஸ்ல எப்படி இருக்கான்னு மட்டும்தானா? அது ரெண்டு வரிதானே. நான் பேச்சைப் பத்திக் கேக்குறாங்கன்னு இல்ல நினைச்சேன்.”

அந்த இரண்டு வரியை அவள் அப்போதே வாயால் சொன்னாள். டாக்டர், இது போதும் என்றார். போதும் என்றால் முடிவு என்ன என்று நம்பரக்கா கேட்டாள். பயிற்சி தரலாம் என்பதுதான் முடிவு என்றார் டாக்டர். அப்படியானால் ஒப்புதல் தரலாமா என்று மேடத்திடம் கேட்டாள். தரலாம் என்றுதான் தோன்றுகிறது என்றார் மேடம். தோன்றுவதை எந்தத் தேதிக்குள் தாளில் எழுதித் தருவீர்கள், அதை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று கேட்டாள். கொடுப்பவர் பெயரும் வாங்குபவர் பெயரும் இருந்தால் நல்லது என்றாள். ஏழு மாதத்தில் நடக்காதது பன்னிரண்டு நிமிடத்தில் நடந்துவிட்டது. பிறந்தநாளுக்கு ஆறு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அமர்வு.

எல்லோரும் போனை வைத்த பிறகு மேடம் மட்டும் அவளை இருக்கச் சொன்னார். விதிப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது என்றார்.

“குடும்பத்தை வீட்டுல போய் எத்தனை தடவை பார்த்தீங்க?”

“தினமும் பாக்குறேன் மேடம்.”

“தினமுமா?”

“காலைல குளிப்பாட்டி விடுறதுலேர்ந்து...”

“இருங்க, இருங்க.” மேடத்தின் குரல் கனிந்தது. “உங்க ஈடுபாட்டைப் பாராட்டுறேன். ஆனா அனுபவத்துல சொல்றேன், இவ்வளவு ஒட்டிக்கக் கூடாது. அப்புறம் அந்தக் குடும்பம் எதுக்கெடுத்தாலும் உங்களையே நம்பிக்கிட்டு இருக்க ஆரம்பிச்சிடும்.”

“இப்பவே அப்படித்தான் மேடம் இருக்கு.”

“பாத்தீங்களா! கொஞ்சம் கொஞ்சமா விலகப் பாருங்க.”

நம்பரக்கா சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. முயற்சி செய்கிறேன் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். ஏழு மாதம் அதைத்தானே கேட்டிருக்கிறாள். அன்று வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் தரையில் விழுந்து சிரித்தான். பிறகு பட்டாணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, உங்கம்மாவை விட்டு நாம் விலகி உட்கார வேண்டுமாம் என்று கட்டிலின் மறு கோடிக்கு நகர்ந்தான். பட்டாணி அவன் கையை உதறிவிட்டு அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பயிற்சியாளரின் அறையில் ஒரு பாய், ஒரு பந்து, சுவரில் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான் இருந்தன. ஒரே ஒரு ஆள் இருந்ததால் பட்டாணி எதற்கு அடியிலும் உருளவில்லை. பயிற்சியாளர் இளம்பெண். பாயில் உட்கார்ந்து பந்தை உருட்டி விட்டு, கையை நீட்டி, தா என்பாள். பிள்ளை தரும்வரை காத்திருப்பாள். தந்ததும், இந்தா என்று திருப்பித் தருவாள். தா, இந்தா, தா, இந்தா. முக்கால் மணி நேரம் வேறொன்றும் இல்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த நம்பரக்கா ஒன்றிரண்டு கேள்வி கேட்டாள். பயிற்சியாளர் பந்தைக் கையில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

“மீட்டிங்ல பேசின குரல்... நீங்கதானே?”

நம்பரக்கா சுவரோரத்திலிருந்து எழுந்துவிட்டாள். “நான் மறைக்கலம்மா. லெட்டர் போட்டிருக்கேன். இன்னும் பதில் வரல.”

பயிற்சியாளர் பந்தை மறுபடி உருட்டினாள். “நாலு வருஷமா இந்த வேலை பாக்குறேன் அக்கா. குழந்தையைக் கையோட கூட்டிட்டு வந்த முதல் தொடர்பாளர் நீங்கதான்” என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஆனால் பதிவேட்டில் அமர்வு ஒன்று என்று எழுதி, தேதியை மட்டும் இரண்டு தடவை அழுத்தி எழுதினாள்.

பட்டாணிக்கு நான்கு வயது முடிந்தது. இரண்டாவது அமர்வும் முடிந்தது. மறுநாள் மாலை நம்பரக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மேடம். நடுவில் வந்த பண்டிகை விடுமுறைகளைக் கழித்து முப்பது வேலை நாள் நிறைந்துவிட்டது; கடிதத்தைப் படித்திருக்கிறார்கள்.

“என்னம்மா இது? நீங்க அந்தக் குழந்தையோட அம்மாவா? ஏன் முன்னாடியே சொல்லல?”

“முப்பது வேலை நாளுக்கு முன்னாடி சொன்னேன் மேடம்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். மேடம் கெட்டவர் இல்லை. குரலில் கோபத்தை விடப் பயம்தான் அதிகம் இருந்தது. குடும்பத்தைச் சேர்ந்தவர் தொடர்பாளராக இருக்க விதி இடம் தராது என்றார். தொடர்பாளர் பெயரை நீக்க வேண்டும், நீக்கினால் கட்டம் காலியாகும், காலியானால் கணினி கோப்பை நிறுத்தி வைத்துவிடும், நிறுத்தினால் அமர்வும் நிற்கும், இதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னார். நம்பரக்காவின் கையிலிருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. இரண்டுதான் ஆகியிருக்கிறது. இன்னும் பதினெட்டு இருக்கிறது.

அவள் சத்தம் போடவில்லை. ஒன்பது வருடப் பழக்கம். எது எங்கே நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

“பெயரை நீக்கறதுன்னா எப்படி மேடம் நீக்கணும்? விதி என்ன சொல்லுது?”

மேடம் படித்தார். அனைத்துப் பிரிவினரும் கலந்துகொள்ளும் கூட்டத்தில் மட்டுமே தொடர்பாளரை மாற்ற முடியும். அந்தக் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம்... என்று படித்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

“யாருக்கு மேடம்?”

“முதன்மைத் தொடர்பாளருக்கு.”

நம்பரக்கா சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வாரத்துக்கு ஒன்று. செவ்வாய், செவ்வாயாக விரலை நகர்த்தினாள். எண்ணிக்கையில் தப்பு வந்துவிடக் கூடாது என்று பின்னாலிருந்தும் ஒருமுறை எண்ணினாள்.

“பதினெட்டு வாரம் கழிச்சு ஒரு புதன்கிழமை வருது மேடம். எனக்கு அன்னைக்குச் சௌகரியம்.”

“அவ்வளவு தள்ளியா?”

“அஞ்சு பிரிவும் ஒண்ணா வரணுமில்ல? இப்பவே சொன்னாத்தானே அவங்களுக்கும் வசதி. முன்கூட்டியே.”

மேடம் பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. “குறிச்சுக்கிட்டேன்” என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தாள். வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதே கட்டம் காலியாகக் கிடக்கும் கோப்பு இன்னும் பதினான்கு என் மேஜையில் இருக்கிறது, கொடுத்தவர் வாங்கியவர் என்று அன்றைக்கு ஏதோ சொன்னீர்களே, அந்த நோட்டை எப்படிக் கோடு போடுவது என்று கேட்டார். ஒரு சலவைக் கூடத்துக்கு எப்படியோ, அலுவலகத்துக்குக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும் அல்லவா என்றும் சேர்த்துக்கொண்டார். ஒன்றும் மாற்ற வேண்டாம் மேடம் என்றாள் நம்பரக்கா. இரண்டு பத்திதான்.

அவள் விளக்கிக்கொண்டிருக்கும்போது முழங்காலில் ஏதோ இடித்தது. பட்டாணி. விழுந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

“தா” என்றாள்.

நம்பரக்கா பேச்சை நிறுத்தினாள். மறுபடி சொல்வாளா என்று காத்திருந்தாள். பயிற்சியாளர் அப்படித்தான் காத்திருக்கச் சொல்லியிருந்தாள்.

“தா.” இந்த முறை கொஞ்சம் கோபமாக. விரல் போனைக் காட்டியது.

“இந்தா” என்று போனைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் தேடி ஓடினாள். பட்டாணி போனைக் காதில் வைத்து, மேடம் சொல்வதை ஒரு நிமிடம் வரை பொறுமையாகக் கேட்டாள். முதல் பத்தியில் கொடுப்பவர் பதவியையும் எழுத வேண்டுமா, அல்லது அதற்கு ஒரு குழு அமைத்து முடிவு செய்யலாமா என்று மேடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“போ” என்றாள் பட்டாணி.